மேஜையில் வைத்தால் படை, கையில் எடுத்தால் ஆள்

போர் விளையாட்டுச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டக் கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகளுக்கு, மதுரையிலிருந்து ஒரு பெரியவரின் பதினேழு அறிவுரைகள்

கட்டைவிரல் உயரம்கூட வராத பொம்மைகளுக்குச் சட்டை போட்டு, தலைப்பாகை கட்டி, நெற்றியில் நீறு பூசி, மேஜைமேல் அணிவகுத்து நிறுத்திப் பகடை உருட்டுகிறோம். பழைய சண்டைகளை மறுபடி நடத்திப் பார்க்கிறோம். ஐரோப்பாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. பிரஷ்ய ராணுவம் 1824-லேயே அதிகாரிகளை மேஜைப் போரில் பழக்கியது. எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அங்கே இன்றைக்கும் பாதிப் பேர் வாட்டர்லூவுக்குத்தான் வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மதுரையில் பிறந்த உனக்கு வாட்டர்லூ எதற்கு? மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் எத்தனையோ போர்க்களங்கள் கிடக்கின்றன.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பெரிய பிரஷை வைத்துவிட்டுச் சின்ன பிரஷை எடுத்தேன். போர்டு எழுதுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது. சிப்பாய் பொம்மையைப் பார்க்கிறவன் இரண்டு இடத்தில் நிற்கிறான். ஆடும்போது மேஜைக்கு அந்தப் பக்கம், மூன்றடி தள்ளி. ஆட்டம் முடிந்ததும் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில். மூன்றடியில் அது படையாகத் தெரிய வேண்டும். கையில் எடுத்தால் இந்தச் சீமை ஆளாகத் தெரிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. முதலில் சண்டையைத் தேர்ந்தெடு, பிறகு பொம்மையை வாங்கு

குதிரை அழகாக இருக்கிறது என்று ஒன்று, தொப்பி நன்றாக இருக்கிறது என்று ஒன்று வாங்கிக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் அலமாரி நிறையும், படை சேராது. மதுரைச் சீமையில் சண்டைக்குப் பஞ்சமில்லை. 1755-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான் தெற்கே வசூலுக்குப் போய்த் திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்தார்கள். 1763, 64-ல் கான்சாகிபு என்று ஊர் சொல்லும் யூசுப்கான் மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு கும்பினியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்தார். 1799-லும் 1801-லும் பாஞ்சாலங்குறிச்சி. அதே 1801-ல் மருது சகோதரர்களின் காளையார்கோவில்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் நத்தத்தைத்தான் சொல்வேன். கோட்டை கட்ட வேண்டாம், பீரங்கி வரிசை வேண்டாம். ஒரு பாதை, இரண்டு பக்கமும் மலைக்காடு, நடுவில் நீண்டு போகும் படை. ஹெரானின் ஆட்கள் கோவில்குடிக் கோயிலில் எடுத்துக்கொண்டு போன சாமி சிலைகளைக் கள்ளர்கள் அந்தக் கணவாயில்தான் மீட்டார்கள். ஆக, ஆட்டத்துக்கு இலக்கும் வரலாறே கொடுத்துவிட்டது: சிலைகள் இருக்கும் சுமை யார் கையில் போய்ச் சேர்கிறது?

2. அளவை ஒரு தடவை முடிவு செய், பிறகு மாற்றாதே

28 மி.மீ. ஆளுக்கு முகம் தெரியும், பொத்தான் தெரியும். விலையும் அதிகம். 15 மி.மீ. ஆளை ஐம்பது பேராக நிறுத்தினால்தான் அழகு. 72-ல் ஒரு பங்கு அளவில் வரும் பிளாஸ்டிக் ஆட்கள் விலை குறைவு, பழகுவதற்கு ஏற்றவர்கள். எதை எடுத்தாலும் இரண்டு பக்கப் படையும் ஒரே அளவில் இருக்கட்டும்.

கும்பினிச் சிப்பாய் வெளிநாட்டு அச்சுகளில் கிடைப்பான். பாளையக்காரர் படை ஆள் கிடைப்பது அபூர்வம். அவனை நாம்தான் உண்டாக்க வேண்டும். இடுப்புத் துணியோடு வெறும் மேலாக இருக்கும் பொம்மையாகப் பார்த்து எடு. தலையில் இருப்பதைச் சீவித் தள்ளு. ஹார்டுவேர் கடை எம்-சீலைப் பிசைந்து நூல்போல உருட்டி, தலைப்பாகையாகச் சுற்று. விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. இறுகுவதற்குள் ஊசியால் மடிப்பு கீறிவிடு. வேட்டியின் முன்கொசுவமும் இப்படியே வரும்.

3. சினிமாவில் பார்த்ததை வரையாதே, போய்ப் பார்த்ததை வரை

1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். சிவாஜி பேசுவதைக் கேள், உடுப்பை விட்டுவிடு. ஜரிகையும் பட்டும் கேமராவுக்காகத் தைத்தவை.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. சேதுபதியும் தஞ்சை மராட்டியரும் மோதிய சண்டையே சுவரில் நிற்கிறது. நமக்குத் தேவையான காலத்துக்குப் பக்கத்தில், தேவையான நிலத்தில், வர்ணத்தோடு கிடைக்கும் ஆதாரம் வேறு எங்கே உண்டு? நோட்டும் பென்சிலும் கொண்டு போ. தலைப்பாகை எந்தப் பக்கம் சாய்கிறது, இடுப்புத் துணி முழங்காலுக்கு மேலா கீழா, வாள் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று குறித்துக்கொள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த வாள்களும் ஈட்டிகளும் இருக்கின்றன. நாயக்கர் காலத்துப் படை வேண்டும் என்றால் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளைப் பார். கல்லில் நிறம் இல்லை. ஆனால் சேணம், கச்சை, குத்துவாள் செருகிய இடம் எல்லாம் தெளிவு. படிப்பதற்கு இரண்டு பெயர் சொல்கிறேன். மருதுவோடு பழகி, பிறகு மருதுவை எதிர்த்தே சண்டைக்குப் போன ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட ராணுவ நினைவுகள். 1800, 1801 கிளர்ச்சியைப் பற்றிப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் எழுதிய நூல்.

4. கழுவு, சீவு, அப்புறம் ஒட்டு

அச்சிலிருந்து எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தடவிய எண்ணெய் பொம்மையில் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்து உலரவிடு. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் உடம்பு நெடுக ஒரு கோடு ஓடும். பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டு, வெட்டாதே. இப்போது சோம்பல்பட்டு விட்டால், பெயிண்ட் ஏறிய பிறகு அந்தக் கோடு கன்னத்தில் தழும்புபோல நின்று உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.

5. பிரைமர் இல்லாமல் நிறம் இல்லை

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரிக்குப் போ. கொலு பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிற ஊர். சுட்ட மண்ணில் நேராக நிறம் ஏற்ற மாட்டார்கள். முதலில் வெள்ளை அடித்துக் காயவிட்டுத்தான் மற்றது. நமக்கும் அதே முறை. வெள்ளைக்குப் பதில் நான் சாம்பல் நிறம் சொல்வேன். நம் ஆட்களில் பாதிப் பேர் வெறும் மேல் என்பதால் பழுப்பு பிரைமரும் நல்லது, பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

ஸ்ப்ரே டப்பா வைத்திருந்தால் சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மாடிக்குப் போகாதே. அந்தச் சூட்டில் பெயிண்ட் பொம்மையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் உலர்ந்து, பொடிப்பொடியாக உட்காரும். காலை ஏழு மணிக்கு, நிழலில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விசிறி விசிறி அடி. மூக்கில் துணி கட்டிக்கொள்.

6. பிரஷைக் காப்பாற்று

ஜீரோவும் ஒன்றும் இரண்டும் போதும். மூன்று பூஜ்யம் போட்ட மயிரிழை பிரஷை வாங்காதே. பொம்மைக்கு வருவதற்குள் அதில் பெயிண்ட் காய்ந்துவிடும். கூர்மை முனையில் இருந்தால் இரண்டாம் நம்பர் பிரஷால் கண்ணே வைக்கலாம். பாதி மயிர்வரைதான் பெயிண்ட் ஏற வேண்டும். தகரக் கழுத்துக்குள் போனால் அங்கேயே கெட்டியாகி முனை விரியும். வேலை முடிந்ததும் குளியல் சோப்பில் உருட்டி, விரலால் கூராக்கி, படுக்க வை. டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைக்கிறவன் மாதம் ஒரு பிரஷ் வாங்குவான்.

7. பெயிண்ட் பால்பதத்தில் இருக்கட்டும்

வெளிநாட்டுக் குப்பிகள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரி கடைக் கேமலும் ஃபெவிக்ரிலும் போதும். அவை கெட்டியாக வரும், தண்ணீர் கலக்கத்தான் வேண்டும். ஒரே பூச்சில் மூடப் பார்க்காதே. மெல்லிசாக இரண்டு, மூன்று பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும், பயப்படாதே, காயவிட்டு மறுபடி அடி. மொத்தமாக அப்பினால் துணி மடிப்பும் விரலும் மூழ்கிப் போகும்.

நம் ஊர் வெக்கைக்கு ஈரத் தட்டு அவசியம். பழைய டிபன் பாக்ஸில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்து வை. அதன்மேல் பேக்கரியில் கிடைக்கும் பட்டர் பேப்பர். கலந்த நிறத்தை அந்தத் தாளின்மேல் வைத்தால் சாயங்காலம்வரை காயாது. மூடி போட்டால் மறுநாளும் அதே கலவை கிடைக்கும். பத்துப் பேருக்கு ஒரே தோல்நிறம் வேண்டுமானால் வேறு வழி இல்லை.

8. தோல்நிறம் குப்பியில் கிடைக்காது

'ஃப்ளெஷ்' என்று பெயர் போட்ட குப்பியைத் திற. உள்ளே இருப்பது வெள்ளைக்காரன் தோல். உன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார். அந்தக் குப்பியை ஹெரானுக்கு எடுத்து வை. அவனுக்கும் கொஞ்சம் சிவப்பு சேர். மே மாத வெயிலில் நடந்தவன்.

நம் ஆளுக்கு பர்ன்ட் அம்பரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து அடித்தளம் போடு. அதில் யெல்லோ ஓக்கர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மூக்கு, கன்ன எலும்பு, தோள், விரல்கணு, முழங்கால் என்று வெயில் படும் இடங்களுக்கு மட்டும் ஏற்று. வெள்ளை சேர்க்காதே, சாம்பல் பூசியதுபோல் வெளிறும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரில் ஒரு துளி நீலம் கலந்து தண்ணீராக்கி இடுக்குகளில் ஓடவிடு. மாசி வீதியில் பத்து நிமிஷம் நின்று போகிறவர்களைப் பார்த்தால் தெரியும், ஒரே நிறத்தில் இரண்டு பேர் வரமாட்டார்கள். அடித்தளத்தை மூன்று விதமாகக் கலந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடி. வரிசை உயிரோடு நிற்கும்.

9. 1856-க்கு முந்தைய சாயத்தை மட்டும் நினை

லண்டனில் பெர்கின் என்ற பையன் 1856-ல் தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அதற்கு முன்னால் துணிக்கு ஏறிய நிறமெல்லாம் செடி, வேர், பட்டை, இரும்பு, பூச்சி கொடுத்தது. நம் பக்கம் அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள், கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. மஞ்சள்மேல் அவுரி ஏறினால் பச்சை. கண்ணைப் பறிக்கும் ரோஸும் ஊதாவும் 1755-ல் நத்தத்தில் நடந்துபோகவில்லை. குப்பி நிறம் பளீர் என்று இருந்தால் அதில் ஒரு துளி பழுப்பைக் கல. சாயவேர்ச் சிவப்பு எல்லாம் ஏறி அடங்கி, பழைய சுங்குடிச் சேலையின் சிவப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

வெள்ளை வேட்டிக்கும் இதே எச்சரிக்கை. போர் வீரன் சலவைக்குப் போட்டு உடுத்தியவன் இல்லை. கோரா நிறத்தில் தொடங்கு. மடிப்பின் முகட்டில் மட்டும் வெள்ளையைத் தொடு. கீழ்க்கரையில் செம்மண்ணை லேசாகப் பூசு.

கும்பினிச் சிவப்பில் இரண்டு தரம் உண்டு. சாதாரணச் சிப்பாயின் சட்டை மஞ்சிட்டி வேரில் தோய்ந்த செங்கல் சிவப்பு. அதிகாரியின் சட்டை பூச்சிச் சாயத்தில் தோய்ந்த பளபளச் சிவப்பு. இந்த வித்தியாசத்தை வைத்தாலே மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அதிகாரி யார் என்று தெரிந்துவிடும். சிவப்பை எடுப்பாக்க ஆரஞ்சு சேர். வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடும்.

இன்னொன்று. சென்னைச் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகச் சேர்த்தது 1758 வாக்கில்தான். அதற்கு முந்தைய நத்தம் சண்டையில் எல்லோரையும் ஒரே சிவப்பில் நிறுத்தாதே. சொந்த உடுப்பில் சிலர், கும்பினி கொடுத்த துணியில் சிலர் என்று கலந்து நிற்கட்டும். 1801-க்கு வரும்போது சிவப்புச் சட்டை, குறுக்கே வெள்ளை வார், தொடைவரை வெள்ளை அரைக்கால்சட்டை, கீழே வெறுங்கால், செருப்பு.

10. நெற்றியை வெறுமையாக விடாதே

வெளிநாட்டுப் பெட்டிப் படத்தில் சென்னைச் சிப்பாயின் நெற்றியில் ஒன்றுமே இருக்காது. நம்பாதே. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி கிராடக் ஓர் உத்தரவு போட்டான்: அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். மறுவருஷம் ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கிளர்ச்சி பற்றி எரிந்தது. கூடாது என்று 1805-ல் சொன்னான் என்றால், அதுவரை நீறும் நாமமும் கடுக்கனும் தாடியுமாகத்தான் நின்றிருக்கிறார்கள். வர்ணம் தீட்டுகிறவனுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே 1801 சிப்பாய்க்குப் புதுத் தலைப்பாகை மாட்டாதே. நெற்றியில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு குறுக்குக் கோடு. சிலருக்கு நாமம். முஸ்லிம் சிப்பாய்களும் நிறைய உண்டு. அவர்களுக்கு நெற்றி சும்மா இருக்கட்டும், தாடி வை. காதில் மஞ்சள் முனையால் ஒரு பொட்டு. கையில் எடுத்துப் பார்க்கிறவன் அங்கேதான் நிறுத்திப் பார்ப்பான்.

11. ஈட்டியை நீளமாக வை, வளரியைச் சின்னதாக வை

கள்ளர் ஈட்டியும் பாஞ்சாலங்குறிச்சி ஈட்டியும் ஆளைப்போல இரண்டு, மூன்று மடங்கு நீளம். பெட்டியில் வரும் ஈட்டி குட்டை, பிளாஸ்டிக் என்றால் வளைந்தும் போகும். வெட்டி எறி. தென்னந் துடைப்பத்தில் நேரான ஈர்க்காகப் பார்த்து எடு. 28 மி.மீ. ஆளுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் நறுக்கு. முனையை வெற்றிலைபோலத் தட்டையாக எம்-சீலில் செய். உள்ளங்கையில் மெல்லிய டிரில் பிட்டால் துளை போட்டுச் செருகி, சூப்பர் குளூ ஒரு துளி. பத்து ஆள் இந்த ஈட்டியோடு நின்றால் மூன்றடியிலேயே யார் என்று கேட்க வேண்டியதில்லை.

வீசி எறியும் வளைதடியான வளரிக்குப் பழைய ஏடிஎம் கார்டு. பிறைபோல ஏழெட்டு மில்லிமீட்டருக்கு வெட்டு. ஒரு முனையில் எம்-சீல் பொட்டு வைத்துக் கனமாக்கு. மரம் என்றால் பழுப்பு, இரும்பு என்றால் கறுப்பின்மேல் லேசான வெள்ளிப் பூச்சு. வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான். வெல்ஷே அதை எழுதி வைத்திருக்கிறான். ஆகவே சின்ன மருதுவைச் செய்தால் கையில் வளரி இல்லாமல் செய்யாதே.

12. கண்ணைக் கடைசியில் வை, முடியாவிட்டால் விட்டுவிடு

விளாச்சேரியில் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண். நாமும் அப்படியே. 28 மி.மீ. ஆளுக்குக் கண்குழியில் கரும்பழுப்புக் கோடு. அதற்குள் சாம்பல் வெள்ளையில் இரண்டு புள்ளி. நடுவில் கறுப்பு. சுத்த வெள்ளை வைத்தால் பேயைக் கண்டவன்போல விழிப்பான். 15 மி.மீ. ஆளுக்குக் கண்ணே வேண்டாம். புருவத்துக்குக் கீழே நிழல் போதும், தூரத்தில் பார்க்கிறவன் கண்ணைத் தானே வைத்துக்கொள்வான். மீசை கட்டாயம்.

13. ஒவ்வொருவனாக முடிக்காதே, வரிசையாக முடி

ஐஸ் குச்சியில் ஐந்து ஐந்து பேரை ஃபெவிகாலால் ஒட்டு. எல்லோருக்கும் தோல், பிறகு எல்லோருக்கும் வேட்டி, பிறகு எல்லோருக்கும் தலைப்பாகை. கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். ஒரே சிப்பாயை மூன்று நாள் கொஞ்சிக்கொண்டிருந்தால் அவன் அழகாக வருவான், மீதிப் பேர் பெட்டியிலேயே கிடப்பார்கள். தலைவன், கொடிக்காரன், கொம்பு ஊதுகிறவன் இவர்களைக் கடைசிக்கு வை. அதற்குள் கை பழகியிருக்கும், நல்ல கை அவர்களுக்குப் போகும்.

14. காலடி மண்ணும் சாட்சி சொல்லும்

வெளிநாட்டில் பொம்மையின் அடித்தட்டில் பச்சைப் புல் ஒட்டுவார்கள். நம் நிலத்தில் ஆடி மாதத்துக்கு ஏது புல்? நத்தம், சிவகங்கை என்றால் செம்மண். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் என்றால் கரிசல். அந்த மண்ணையே எடுத்து வெயிலில் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிகாலில் ஒட்டு. ஒட்டியதும் நிறம் இருண்டுவிடும், அதே நிறப் பெயிண்டை உலர்ந்த பிரஷால் மேலாகத் தேய். கரிசலுக்குப் பிளேடால் வெடிப்பு கீறு.

மரம் வைக்கும்போது கவனம். இன்றைக்கு மதுரையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேலம். அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்குள் வந்தது. யூசுப்கானும் கட்டபொம்மனும் மருதுவும் அதைப் பார்த்திருக்க வழியில்லை. பனை வை, உடைமரம் வை, நாட்டுக் கருவேலம் வை. மேலூர்ப் பக்கம் வாய்க்காலும் பச்சை வயலுமாக மேஜையை நிரப்பாதே. பெரியாற்றுத் தண்ணீர் அங்கே வந்தது 1895-ல். அதற்கு முன்னால் கண்மாயும் வானமும்தான்.

15. வார்னிஷ் மங்கலாக இருக்கட்டும்

கை படும் பொம்மைக்கு வார்னிஷ் தப்பாது. பளபளப்பு வேண்டாம், மேட் வாங்கு. ஐப்பசி அடைமழையில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். வெயில் அடிக்கும்வரை பொறு. அடியில் சின்னக் காந்தம் ஒட்டித் தகரப் பெட்டியில் நிறுத்தினால் பஸ்ஸிலும் கொண்டு போகலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதே, பிளாஸ்டிக் வளையும்.

16. எதிர்ப் படைக்கும் அதே கை

பிள்ளைகள் மருதுவின் ஆட்களுக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்துவிட்டுச் சிவப்புச் சட்டைக்காரனை அவசரமாக முடிப்பதைப் பார்க்கிறேன். யார் அந்தச் சிவப்புச் சட்டை? பெரும்பாலும் தெற்கத்தி ஆள்தான். யூசுப்கானே ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, கும்பினிச் சிப்பாய்களுக்குத் தளபதியாகி, ஹெரானோடு தெற்கே நடந்தவர். பிறகு மதுரைக்கு அதிகாரி. பிறகு கும்பினிக்கே எதிரி. 1764 ஜூனில் கோட்டைமேல் ஏறி வந்த பெரிய தாக்குதலை முறியடித்தார். அக்டோபரில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 15-ஆம் தேதி தூக்கில் ஏற்றினார்கள். சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கிறது, போய்ப் பார். அவரை நீ எந்தப் பெட்டியில் வைப்பாய்? 1755 மேஜையில் கும்பினிப் பக்கம், 1764 மேஜையில் கோட்டைக்குள்.

கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். பாளையக்காரர்களிலேயே இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். இரண்டு படைக்கும் நீயே தோல்நிறம் கலந்தால் ஒரே ஈரத் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது புரியும்.

17. ஆட வா

கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு என்றால் இத்தனை பாடு வேண்டாம். மேஜைக்கு வந்தால்தான் எந்த நிறம் தூரத்தில் எடுபடுகிறது, எது மங்குகிறது, எந்த ஈட்டி கை பட்டதும் விழுகிறது என்று தெரியும். நூறு பேர் சேரட்டும் என்று காத்திருக்காதே.

முதல் படைக்கு என் கணக்கு இது. ஈட்டியோடு பத்துக் கள்ளர், வளரியோடு இரண்டு பேர். துப்பாக்கியோடு பத்துச் சிப்பாய், ஒரு வெள்ளை அதிகாரி. சிலை மூட்டை ஏற்றிய சுமைமாடு இரண்டு. நத்தம் பாதைக்குப் பழைய போர்வை ஒன்றைப் பழுப்பில் நனைத்து விரித்துக்கொள்ளலாம். கீழே புத்தகங்களை அடுக்கினால் மலை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு மேஜை காலியாகத்தான் இருக்கும். படையை நீ கொண்டு வா, பகடை என்னிடம் இருக்கிறது.